இல்லை என்று எழுதப்பட்ட தேரை

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டே உலகத்துத் தவளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் குந்தர். சாராயக் குப்பிகளில் கடல் தாண்டி வந்து சேரும் உடல்களை எடுத்து, தோலின் முண்டுகளைக் குறித்து, விரலிடைச் சவ்வை அளந்து, லத்தீனில் ஒரு பெயர் எழுதுவார். 1858-இல் இலங்கைத் தேரை ஒன்றுக்கு, அந்தத் தீவிலேயே பிறந்த மருத்துவரும் இயற்கையாளருமான கெலார்ட்டின் பெயரைக் கொடுத்தார். 1872-இல் இன்னொன்றுக்குக் கண்டியின் பெயர். முதல் தேரையை இன்றும் பார்க்கலாம். இரண்டாவது 1876-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. நூறாண்டுக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, அழிந்துபோன உயிரினங்களின் உலகப் பட்டியலில் அதை ஏற்றிவிட்டார்கள்.

2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டு ஓடை ஒன்றில், மெண்டிஸ் விக்கிரமசிங்க என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதைக் கண்டார்கள். நன்றாகச் சரிபார்த்து 2012-இல்தான் கட்டுரையாக வெளியிட்டார்கள். செத்ததாகச் சொல்லப்பட்டது பாறைமேல் உட்கார்ந்திருந்தது என்பதுதான் செய்தி.

இந்த இரண்டு தேரைகளும் வாழும் இடங்களைப் பார்த்துவர வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. பல்கலைக்கழகத்தில் தவளை ஆராயும் நண்பர் ஒருவர் தன் மாணவர்களோடு கிளம்பினார். முறையான அனுமதிக் கடிதங்கள் அவரிடம் இருந்தன. நான் பை தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அடினோமஸ் என்பது இந்த இரண்டும் அடங்கிய பேரினத்தின் பெயர். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளில் மட்டும். இன்றைய கணக்குப்படி அதில் இரண்டே இனங்கள்: கெலார்ட் தேரை, கண்டித் தேரை.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் போவதுதான் அழகு என்பார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம், வழியில் கித்துல்கலையில் இறங்க வேண்டியிருந்ததால். அவிசாவளை தாண்டியதும் ரப்பர் மரங்கள். அப்புறம் களனி ஆறு சாலையோடு சேர்ந்துகொள்கிறது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இங்கேதான் எடுத்தார்கள். இப்போது ஆரஞ்சு நிறக் கவச உடுப்புப் போட்ட இளைஞர்கள் ரப்பர் படகில் கூச்சலிட்டபடி போகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் மகந்தாவ காடு. அந்தக் கூச்சல் அங்கே போய்ச் சேர்வதில்லை, மரங்கள் அவ்வளவு நெருக்கம்.

காட்டுக்குள் நுழையும் முன்பே ஒரு தகராறு. அட்டைக்கு அஞ்சி நான் கால் முழுக்கச் சோப்பைக் குழைத்துப் பூசிக்கொள்ளப் போனேன். மலைநாட்டில் எல்லோரும் செய்கிற வேலைதான்; சிலர் டெட்டால், சிலர் சுண்ணாம்பு, சிலர் புகையிலைத் தண்ணீர். ஆய்வு மாணவி ஒருத்தி சோப்பைக் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுவிட்டாள்.

"அது வேணாம் சார். இந்த ஓடையிலதான் நடக்கப் போறோம். நம்ம கால்ல இருக்கறது எல்லாம் தண்ணிக்குத்தான் போகும். தேரை தண்ணிய வாயால குடிக்காது, தோலாலதான் குடிக்கும்."

சோப்புக்குப் பதிலாக முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறை ஒன்றைக் கொடுத்தாள். கொசு விரட்டிக் களிம்பும் கூடாதாம். தவளையோ தேரையோ தண்ணீரை உள்ளே எடுப்பது தோல் வழியாக. மூச்சிலும் ஒரு பங்கு அந்தத் தோல் வழியாகவே. ஈரமான, மெல்லிய, எதையும் உள்ளே விடுகிற தோல். நமக்கு வெறும் நுரையாக இருப்பது அதற்கு உடம்புக்குள் போகிற மருந்து. அட்டைகள் காலுறைமேல் ஏறி, கழுத்துக்குப் போய்த் தம் வேலையைப் பார்த்துக்கொண்டன.

இருட்டிய பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடையோரமாக மெல்ல நடந்தோம். தேரையைத் தேடுவதில் வீரதீரம் எதுவும் கிடையாது. குனிந்தபடி, சருகுக்கு மேல், பாறை இடுக்கில், முழங்கால் உயரப் புதர் இலைகளில் வெளிச்சத்தைப் படியவிட்டுக்கொண்டு நகர வேண்டும். முதுகு வலிக்கும். பத்தடி நகர அரை மணி ஆகும். மாணவர்கள் ஒவ்வொருவரும் தரையில் ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் குறித்தார்கள்: ஈரப்பதம், நீரின் வெப்பம், ஓடையிலிருந்து எத்தனை தூரம், தரையிலிருந்து எத்தனை உயரம்.

முதல் கெலார்ட் தேரை தரையில் இல்லை. ஒரு செடியின் இலைமேல் இருந்தது. தேரை என்றால் கிணற்றடியில் பொத்தென்று உட்கார்ந்திருக்கும் பருத்த உருவம்தானே நம் மனதில் வரும்? இது அந்த ஜாடையே இல்லை. ஒரு அங்குலத்தைவிடச் சற்று நீளம், மெலிந்த உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீண்ட கைகால். இலையின் விளிம்பை விரலால் பற்றிக்கொண்டு நின்ற விதம் மரத்தவளை போலத்தான் இருந்தது. ஆனால் தோலில் முண்டுகள், கண்ணுக்குப் பின்னால் நஞ்சுச் சுரப்பி, முகத்தில் தேரைக்கே உரிய அந்தக் கோபம். சந்தேகத்துக்கு இடமில்லை. காய்ந்த சருகின் நிறம். இறங்கித் தரைக்கு வந்தபோது கண் இமைப்பதற்குள் காணாமல் போனது. இரண்டு சருகுகளுக்கு நடுவில் மூன்றாவது சருகாகிவிட்டது.

கண் பழகியதும் அடுத்தடுத்துத் தென்பட்டன. ஓடைக்குப் பக்கத்தில்தான் அதிகம். மேட்டில் ஏற ஏறக் குறைந்தன. ஒன்று ஈரப்பாறையில் எறும்பு வரிசைக்கு எதிரே நின்று ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியது. நாக்கு வந்து போவது தெரியவே இல்லை. எறும்பு இருந்தது, பிறகு இல்லை. இன்னொரு இடத்தில் பெண் தேரையின் முதுகில் ஆண் தேரை தொற்றிக்கொண்டிருந்தது. பெண் பெரியது, ஆண் அதன் பாதிகூட இருக்காது போலத் தெரிந்தது. பெண் தன் பாட்டில் இரை தேடிப் போய்க்கொண்டிருந்தது. மாணவர்கள் விளக்கைத் தணித்துக்கொண்டு விலகினார்கள். யாரும் எதையும் தொடவில்லை.

தங்குமிடத்துக்குத் திரும்பினால், குளியலறை விளக்குக்குக் கீழே ஊர்த்தேரை ஒன்று ஈசல் தின்றுகொண்டிருந்தது. நமக்கெல்லாம் தெரிந்த அதே ஆள். தேங்காய்க்குள் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்துவிட்டது என்பார்கள், பிள்ளை மெலிந்தால் தேரை தோஷம் என்பார்கள். அந்தப் பழியெல்லாம் சுமக்கிறது இதுதான். பாகிஸ்தானிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. கப்பல் சரக்கோடு சேர்ந்து மடகாஸ்கருக்கே போய்விட்டது. 2014-இல் அங்கே அறிஞர்கள் அலறினார்கள், அந்த நாட்டுப் பாம்புகள் இதைத் தின்று சாகுமே என்று. வயல், சாக்கடை, சுவரோரம், எதுவும் இதற்கு வீடு. ஒரே குடும்பத்தில் ஒன்று சமுத்திரம் தாண்டுகிறது. இன்னொன்று ஒரு தேயிலை மலையைத் தாண்டாது. மேலே ஏறிப் போனபோதுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டன், அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா. வளைவுக்கு வளைவு குளிர் கூடுகிறது. காடு எங்கே முடிந்தது, தேயிலை எங்கே தொடங்கியது என்று கவனிக்க முயன்றேன். முடியவில்லை, காட்டை நினைவில் வைத்திருக்கும் இடமே இல்லாதபடி மலை முழுக்கத் தேயிலை. முதலில் காப்பிக்காக இந்த மலைகளை மொட்டையடித்தார்கள். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. ஒரு தலைமுறைக்குள் காப்பி போய்த் தேயிலை வந்தது. தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். காட்டை வெட்டச் சொன்னவர்கள் வேறு. குந்தர் அந்தத் தேரைக்குப் பெயர் வைத்த 1872-ஐ இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. கண்டியைச் சுற்றியிருந்த காடுகள் அப்போது ஏற்கெனவே காப்பித் தோட்டங்கள். பெயர் லண்டனில் எழுதப்பட்டபோது, பெயரில் இருந்த ஊரில் அதற்கு இடம் மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா ஊர் அதற்குக் கீழேதான் இருக்கிறது. 1960-களின் இறுதியில் அணை கட்டியபோது மூழ்கியது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் மற்ற வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகளும் தலைகாட்டும். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். நாங்கள் போனபோது நீர் நிறைந்து கிடந்தது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தது. ரொட்டியும் இடிச்ச சம்பலும், தொண்டையைச் சுடுகிற பிளேன்டீயும். வீட்டுப் பெரியவர் மலையில் கான் (வடிகால்) வெட்டி ஓய்ந்தவர். படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"ஐயா, இந்த மாதிரித் தேரை இங்க பாத்திருக்கீங்களா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "லயத்துப் பக்கம் வர்றது பெருசு தம்பி. இது அது இல்ல. பீலிக்கரைக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதோ, அங்கிட்டுப் போகணும். பைப்புல எல அடைச்சா நாங்கதான மேல ஏறிப் போயி எடுக்கணும், அப்ப சின்னச் சின்னதாத் தேரை கெடக்கும். தேயிலைக்குள்ள அதுக்கு என்ன வேல?"

அவர் பார்த்தது எந்த இனம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் நண்பர். ஆனால் "தேயிலைக்குள்ள அதுக்கு என்ன வேல" என்ற கேள்வியை மாணவி தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடைக்கு ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நன்றி சொல்லும் பகுதியில்கூட அவர்கள் பெயர் அரிதாகத்தான் வருகிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

மறுநாள் தேயிலைக்கு நடுவே ஏறினோம். கொழுந்து எடுக்கிற பெண்கள் எங்கள் காலுறையைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசித் தேயிலைச் செடிக்கும் முதல் மரத்துக்கும் நடுவே ஒரு காலடி அகலக் கானும் ஒரு வேலிக்கல்லும் மட்டும். இந்தப் பக்கம் வெயில், சூடான மண், மருந்து வாசம். கல்லைத் தாண்டினால் பாசி, சொட்டு, நிழல். தோலால் குடிக்கிற ஒரு பிராணிக்கு அந்தக் கல் பெருஞ்சுவர்தான். ஓடை என்னவோ இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆனால் தேயிலைக்குள் வந்ததும் மேலே கூரை இல்லாத வாய்க்காலாகிவிடுகிறது.

ஓடையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. அரிய தவளை, தேரைகளை விலைக்கு வாங்கி வளர்க்கும் கூட்டம் உலகத்தில் உண்டு. ஒரு சில ஓடைகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் பிராணிக்கு முகவரி எழுதுவது நல்லதல்ல.

கெலார்ட் தேரையின் ஓடை சாந்தமானது. இது அப்படியில்லை. பாறையிலிருந்து பாறைக்கு விழுந்து, நுரைத்து, பேச்சுக் கேட்காத இரைச்சலோடு இறங்குகிற தண்ணீர். இங்கேயா முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் என்று தோன்றியது. நண்பர் ஒரு சரிந்த பாறையைக் காட்டினார். அதன்மேல் கண்ணாடித் தாள்போல நீர் வழிந்துகொண்டிருந்தது. கறுப்பாகச் சில புள்ளிகள். பாசி என்று நினைத்தேன். ஒரு புள்ளி அரை விரல்கடை மேலே நகர்ந்தது, நீரோட்டத்துக்கு எதிராக.

கண்டித் தேரையின் தலைப்பிரட்டைகள். வாய் முகத்தின் அடிப்பக்கம் அகன்று, பாறையைக் கவ்வி உறிஞ்சிப் பிடிக்கும்படி அமைந்திருக்கிறது. பிடியை விடாமலே பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. குளத்துத் தலைப்பிரட்டையை இங்கே விட்டால் அடுத்த நொடி அருவியில் போயிருக்கும். கீழே உள்ள எங்கள் கால்களே வழுக்கிக்கொண்டிருந்தன. விரல்நகம் அளவு உயிர் ஒன்று அசையாமல் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

வளர்ந்த தேரையை நான் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, ஓடை பெருகத் தொடங்கியது, நண்பர் எல்லோரையும் கரையேறச் சொல்லிவிட்டார். எனக்கு வருத்தமில்லை. தலைப்பிரட்டை இருக்கிறதென்றால் தாய் இருக்கிறது.

மழைக்கு ஒதுங்கிய பாறைக்குடைவில் நண்பர் சொன்ன கதைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. 1998-இல் இலங்கை ஆய்வாளர்கள் மனமேந்திர ஆரச்சியும் ரோஹன் பெத்தியகொடவும் மலைநாட்டிலிருந்து அடினோமஸ் பேரினத்தில் புதிய இனம் ஒன்றை விவரித்தார்கள். இந்தியத் தவளை அறிஞர் இந்திரநீல் தாஸின் பெயரால் அதற்கு அடினோமஸ் தாஸி என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் கண்டித் தேரை அழிந்தது என்று பட்டியலில் ஏறியது. பிறகு 2009, 2012. அழிந்தது திரும்பி வந்தது. 2015-இல் மதவ மீகஸ்கும்புரவும் குழுவினரும், 1998-இல் தாஸி பற்றி எழுதிய அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டே, மரபணு, எலும்பு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாஸியும் கண்டித் தேரையும் ஒன்றேதான் என்று முடிவாயிற்று. அதாவது ஒரே பிராணி ஒரு பட்டியலில் செத்துப்போயும், இன்னொரு பட்டியலில் புதிதாகப் பிறந்தும் இருந்திருக்கிறது. அது மட்டும் பாறையை விட்டு நகரவில்லை.

இதைச் சொல்லி அறிவியலைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே அடித்தெழுதுகிறவர்கள் எத்தனை துறையில் இருக்கிறார்கள்? ஆனால் "அழிந்தது" என்ற சொல்லை எழுதும் முன் யாராவது மழைக்காலத்து இரவில் போய்க் குனிந்து பார்த்தார்களா என்று இனி கேட்பேன். தீவின் தவளையினங்களில் ஏறக்குறைய இருபது அழிந்துவிட்டதாக எழுதப்பட்டிருந்தது. உலகக் கணக்கில் அதுவே ஏறத்தாழ பாதி. கண்டித் தேரையைக் கண்ட அதே மலைக்காட்டில், கெலார்ட் 1853-இல் விவரித்து அதன் பிறகு காணாமல் போயிருந்த புள்ளிப் புதர்த்தவளை ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். மற்ற பெயர்களில் பெரும்பாலானவை திரும்பி வரப்போவதில்லை. அவற்றின் காடு இருந்த இடத்தில்தான் நாம் குடிக்கிற தேநீர் வளர்கிறது.

புதர்த்தவளைக்கு ஒரு வசதி உண்டு. அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ முட்டை வைக்கும், முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளியே வரும். கண்டித் தேரைக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், அதுவும் வேகமாக. இங்கேதான் இப்போதைய ஆபத்து. மலைநாட்டு ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் பல வந்துவிட்டன. மேலே ஒரு தடுப்பு, அங்கிருந்து குழாயில் தண்ணீரை இறக்கி, கீழே சுழலியைச் சுற்றி, மறுபடி ஓடையில் விடுவார்கள். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, பசுமை மின்சாரம் என்று காகிதத்தில் எழுதலாம். தடுப்புக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே உள்ள பாறைகள் மட்டும் காய்ந்துபோகும். தலைப்பிரட்டை ஒட்டியிருப்பது அந்தப் பாறைகளில். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மலைக்காட்டின் ஓடைகளில் வேண்டாம் என்கிறேன். 2010 முதல் இது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பகுதி. களனியும் களு கங்கையும் பிறக்கிற இடம். கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது களனித் தண்ணீர்.

இறங்கி வந்து நல்லதண்ணியில் பஸ்ஸுக்கு நின்றோம். ஹட்டன் வழியாக வருகிறவர்களுக்குச் சிவனொளிபாத மலை ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பௌத்தருக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் பாதம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை லட்சக்கணக்கானவர்கள் 2,243 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறார்கள். படியோரப் பள்ளங்களில் பிளாஸ்டிக் போத்தல்களும் சாப்பாட்டுத் தாள்களும் ஷாம்பு பாக்கெட்டுகளும் கிடக்கின்றன. மழை பெய்தால் அவை போய்ச் சேரும் இடம் ஓடை.

அடுத்த சீசனில் மலை ஏறப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொண்டுபோன போத்தலையும் தாளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அட்டைக்குப் பயந்தால் துணிக் காலுறை கட்டுங்கள், ஹட்டன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வழியில் ஓடையைக் கண்டால் முகம் கழுவுங்கள், கால் நனையுங்கள். சோப்பை மட்டும் பையிலிருந்து எடுக்காதீர்கள்.